துப்புற வாளி

ஸ்பெயினுக்குப் போட்டு வந்தனான் எண்டு சொன்னால் எல்லாரும் முதல் கேக்கிறது, வைன் எப்பிடி எண்டுதான். வைன் எனக்கு ஞாபகத்தில இல்லை. வாளிதான் ஞாபகம். மேசைக்கு நடுவில மினுக்கி வைச்ச ஒரு வெள்ளி நிற வாளி. வைனை வாய்க்குள்ள எடுத்து, கன்னம் ரெண்டும் உப்ப அலசி, பல்லிடுக்கால காத்தை உறிஞ்சிக் களகளவெண்டு சத்தம் போட்டு, பிறகு அந்த வாளிக்குள்ள துப்ப வேணும். விழுங்கக் கூடாதாம். ருசி பாக்கிற முறை அதுதானாம். நாலு பேருக்கும் ஒரே வாளி. ஒருத்தர் துப்பி நிமிர மற்றவர் குனிவார். பத்து வகை வைன் முடியேக்குள்ள அது அரைவாசிக்கு நிரம்பி, மேல எச்சில் நுரை மிதக்கும். அதுக்குப் பக்கத்திலயே பாணும் சீஸும் வெட்டி வைச்சிருப்பினம், சாப்பிடட்டாம். சீ! எனக்கு ஓங்காளம்தான் வந்துது.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் இதில விண்ணன். ஒரு முழம் தள்ளி நிண்டு, சேட்டில ஒரு துளி தெறிக்காமல், நேர்கோடா வாளிக்குள்ள துப்புவார். துப்பிப்போட்டு எங்களை ஒருக்காத் திரும்பிப் பாப்பார், பாத்தியளோ எண்டு. அவர்தான் எனக்குச் சம்பந்தியா வர இருந்தவர். அதால இந்தக் கதையில அவரைச் சம்பந்தி எண்டே சொல்லுறன்.

"தம்பி, துப்புங்கோ. எல்லாத்தையும் விழுங்கினால் பின்னேரம் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் போக வேணும்" எண்டு அவர் பகிடி விட, கூட வந்த அவரின்ர சிநேகிதர் ரெண்டு பேரும் சிரிச்சினம்.

நான் துப்பேல்லை. அஞ்சு நாளும் ஒரு மிடறு துப்பேல்லை. அருவருப்பு ஒரு பக்கம். மற்றப் பக்கம், ஒருத்தன் வெயிலில நிண்டு எடுத்துத் தந்ததை அவன்ர கண்ணுக்கு முன்னால துப்ப எனக்கு மனம் வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு அங்க வாய் திறந்து சொல்லவும் ஏலாது. என்ர அப்பா கள்ளுச் சீவினவர். விடியவும் பின்னேரமும் பனை பனையா ஏறி இறங்கினவர். பதினாறு பதினேழு வயசில ரெண்டு வருசம் நானும் அவரோட ஏறினனான். கூட வந்த மூண்டு பேரில ஒருத்தருக்கும் அது தெரியாது. தெரிய வரக் கூடாது எண்டதுதான் அந்தப் பயணத்தில எனக்கிருந்த ஒரே வேலை.

தெரிஞ்சால் என்ன குடியே முழுகும் எண்டு இஞ்ச கனடாவில பிறந்த பிள்ளையள் கேக்குங்கள். அதுகளுக்கு என்ன தெரியும்? என்ர மகளும் சம்பந்தியின்ர மகனும் யூனிவர்சிற்றியில பழகி, வீட்டில சொல்லி, மே மாதத்துக்குக் கலியாண ஹோலும் பிடிச்சாச்சு. முதல் தரம் வெக்ஸ்போர்ட்டில எங்கட வீட்டுக்கு வந்து சோபாவில இருந்த உடன சம்பந்தி சொன்னார், "நாங்கள் உதொண்டும் பாக்கிறேல்லை தம்பி. பிள்ளையளின்ர சந்தோசம்தான் முக்கியம்." எனக்கு நெஞ்சுக்குள்ள தண்ணி வாத்த மாதிரிக் கிடந்துது. தேத்தண்ணி ஆற முந்தித் தொடங்கினார். ஊரில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ? எந்தக் கிணத்தில தண்ணி அள்ளினது? தேருக்கு உங்கட ஆக்கள் எங்க நிக்கிறது? ஒண்டும் பாக்காத மனிசனுக்கு இவ்வளவும் என்னத்துக்கு, சொல்லுங்கோ பாப்பம்.

அப்பா தபால் கந்தோரில வேலை எண்டன். ரவுணில வாடகை வீடு எண்டன். நாக்குக் கூசேல்லை. முப்பது வருசமா இந்த நகரத்தில எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச பொய். சண்டையில சனம் நாலு பக்கமும் சிதறினதில விசாரிச்சுப் பாக்கவும் ஆளில்லை.

இஞ்ச கலியாண ஹோல் வாசலில செத்துப்போன தாத்தாமாரின்ர படத்துக்கு மாலை போட்டு வைக்கிறவை. "உங்கட அப்பான்ர படம் ஒண்டு தாங்கோ தம்பி, என்ர அப்பான்ர படத்துக்குப் பக்கத்தில வைப்பம்" எண்டு சம்பந்தி கேட்டார். "சண்டையில எல்லாம் எரிஞ்சு போச்சுது அண்ணை" எண்டன். இந்தப் பதிலுக்கு மேல எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம். அவரும் தலையை ஆட்டிக் கவலைப்பட்டார். பக்கத்தில இருந்த மகள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டாள்.

சம்பந்திக்கு மார்க்கம் நகரத்தில பெரிய வீடு. நிலக்கீழறையில குளிரூட்டின அறை ஒண்டு கட்டி, வைன் போத்திலுகளைப் படுக்கப் போட்டு வைச்சிருக்கிறார், தொட்டிலில பிள்ளையளை வளத்தின மாதிரி. "சிலி முடிஞ்சுது, ஆர்ஜென்டினா முடிஞ்சுது, இந்த வருசம் ஸ்பெயின். நீங்களும் வாங்கோ. சம்பந்தியள் பழகத்தானே வேணும்" எண்டார். மாட்டன் எண்டால் குறை நினைப்பார். நான் மிசிசாகாவில எயர்போட்டுக்குப் பக்கத்தில ஒரு வெயர்ஹவுசில சூப்பர்வைசர். அங்க ஒரு கிழமை லீவு எடுத்தன்.

சூட்கேஸ் அடுக்கேக்குள்ள மனிசி வந்து முன்னால நிண்டா. "ரெண்டு மிடறு உள்ள போனால் உங்கட வாய் நிக்காது. பிள்ளையின்ர வாழ்க்கை உங்கட வாயிலதான் கிடக்கு, விளங்குதோ?" எண்டா. அவவும் கள்ளுச் சீவிற குடும்பம்தான். அவவின்ர பயம் எனக்கு விளங்கும். ஓம் எண்டன்.

வைன் செய்யிற இடத்தை அங்க பொடேகா எண்டு சொல்லுகினம். ஒரு நாளைக்கு ரெண்டு பொடேகா. முதல் போனதெல்லாம் கண்ணாடிக் கட்டிடங்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட பெட்டையள் வந்து ஊத்துவினம். எங்கட ஆக்கள் கிளாசுக்குள்ள மூக்கை முழுசா விட்டு மணந்துபோட்டு ஒவ்வொண்டு அவிழ்த்து விடுவினம். ஒருத்தருக்கு ஈர மண் மணக்குதாம். மற்றவருக்குப் பழைய தோல் மணக்குதாம். சம்பந்திக்குக் குதிரை லாயம் மணக்குது, அது நல்ல குணமாம்! வேர்வை மணம் வந்த ஆளை வாசல்படி ஏற விடாத சனம், குதிரை மூத்திரத்தை மணந்து கண் மூடி ரசிக்குது. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

மூண்டாம் நாள் எங்கட வாடகை வான் வண்டியில போகேக்குள்ள கள்ளுக் கதை வந்துது. முந்திரிகைத் தோட்டத்தை, அதுதான் திராட்சைத் தோட்டத்தை, பாத்துக்கொண்டு வந்த சம்பந்தி தானாவே தொடங்கினார். அவையின்ர வளவிலயும் பனை நிண்டதாம். சீவிற ஆள் வந்தால் அவரின்ர அம்மா தேத்தண்ணி குடுப்பாவாம், தேங்காய்ச் சிரட்டையில. அதுவும் கிட்டப் போகாமல், கையை உயத்தி, மேல இருந்து ஊத்துவாவாம். சூடு கையில தெறிச்சு அந்த ஆள் துள்ளுவானாம். சம்பந்தி வானுக்குள்ள எழும்பி நிண்டு, அவன் துள்ளினதை அப்பிடியே நடிச்சுக் காட்டினார்.

மற்ற ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். அதை நான் பெரிசாச் சொல்ல மாட்டன். நானும் சிரிச்சன். அதுதான் விசயம். சத்தமாச் சிரிச்சன், சம்பந்தியின்ர தோளில தட்டிச் சிரிச்சன். வான் நிண்ட உடன பெற்றோல் செட் கக்கூசுக்குள்ள போய் வாயைக் கொப்பளிச்சன். கண்ணாடியில என்ர மூஞ்சையைப் பாக்கப் பிடிக்கேல்லை. சிரட்டையில தேத்தண்ணி குடிச்ச கை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அப்பாவின்ர வலக்கை மணிக்கட்டில பொக்குளம் காஞ்ச வெள்ளைப் புள்ளியள் கிடந்தது. நான் சின்னனில அதைப் பனை கீறினது எண்டு நினைச்சனான்.

கடைசி நாள் போனது ஒரு சின்னப் பொடேகா. கண்ணாடியும் இல்லை, வெள்ளைச் சேட்டும் இல்லை. எழுபது எழுபத்தைஞ்சு வயசுக் கிழவன் ஒராள், மேலெல்லாம் சாறும் புழுதியுமா, ரப்பர் சப்பாத்தோட வந்தார். முந்திரிகை வெட்டுற காலம். தொட்டிக்குள்ள சாறு பொங்கிக் கொதிச்சுக்கொண்டிருந்துது. அந்த மணம் மூக்கில அடிச்சுது. பிந்தி இறக்கின கள்ளின்ர அதே புளிச்ச மணம். வேற நாடு, வேற சாறு, மணம் மட்டும் அச்சொட்டா அது.

கூட வந்த வழிகாட்டிப் பெட்டை இங்கிலீசில சொன்னாள், இந்தக் குடும்பம் ஏழு தலைமுறையா இந்தத் தொழில்தானாம், வேற தொழிலுக்குப் போகவே இல்லையாம். சம்பந்தி உருகிப் போட்டார். "ஏழு தலைமுறை! பாத்தியளோ? இதல்லோ பரம்பரை!" எண்டு சொல்லிக் கிழவனின்ர அழுக்குக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கொஞ்சினார். கொஞ்சினார் எண்டு சும்மா சொல்லேல்லை, வாயை வைச்சு முத்தம் குடுத்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. இதே ஏழு தலைமுறையை எங்கட பக்கம் சொல்லிப் பாருங்கோ. முத்தமா கிடைக்கும்?

கிழவன் சந்தோசத்தில உள்ள போய்த் தன்ர தாத்தா பாவிச்ச கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். முந்திரிகைக் குலை வெட்டுற கத்தி. உள்ளங்கை அளவு, வாய் வளைஞ்சு, மரப்பிடி தேய்ஞ்சு வழுவழுவெண்டு. ஒவ்வொருத்தரா அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு படம் எடுத்தினம். கிழவன் பக்கத்தில, சம்பந்தி கத்தியை நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிண்டார், சாமி கையில வேல் பிடிச்ச மாதிரி. பிறகு என்ர முறை வந்துது.

சத்தியமா நான் ஒண்டும் யோசிக்கேல்லை. என்ர கைதான் செய்தது. கத்தியை வாங்கினவுடன பெருவிரல் நகத்தில அதின்ர வாயை வைச்சு மெல்ல இழுத்துப் பாத்தன். நகத்தில பிடிச்சால் கூர், வழுக்கினால் மொட்டை. வழுக்கிச்சுது. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தன். படம் எடுத்து முடிய, கத்தியைத் திருப்பிக் கிழவனிட்டக் குடுக்கிறதுக்குப் பதிலா, கை தானாப் பின்னுக்குப் போய் முதுகுப் பக்கம் இடுப்பைத் தேடிச்சுது. கள்ளுச் சீவிறவர் பாளைக்கத்தி போடுற கூடு அங்கதான் தொங்கும். முப்பத்தைஞ்சு வருசமா என்ர இடுப்பில பெல்ட்டைத் தவிர ஒண்டும் இல்லை. கைக்கு அது தெரியேல்லை. கத்தி ஜக்கெற் துணியில குத்துப்பட்டபிறகுதான் நான் முழிச்சன்.

மற்ற ரெண்டு பேரும் போனுக்குள்ள படம் பாத்துக்கொண்டு நிண்டினம். சம்பந்தி மட்டும் என்னையே பாத்துக்கொண்டு நிண்டார். தன்ர வளவில விடியவும் பின்னேரமும் சீவிறவன்ர கை அப்பிடிப் பின்னுக்குப் போறதைப் பாத்து வளந்த மனிசனல்லோ. வாயில இருந்த வைனைத் துப்பவும் மறந்து போய், விழுங்கிப் போட்டார்.

 வானில எப்பவும் எனக்குப் பக்கத்தில இருக்கிற சம்பந்தி முன்னுக்குப் போய் டிரைவரோட இருந்தார். எயர்போட்டில "உம்மட பாஸ்போட்டை எடுத்து வைச்சுக்கொள்ளும்" எண்டார். அதுவரைக்கும் அவர் என்னை 'நீங்கள்' எண்டுதான் கூப்பிட்டவர். அண்டைக்கு ஒரு படி இறங்கி 'நீர்' ஆனன். அந்த ஒரு சொல்லில எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. வீட்டில மனிசிக்குச் சொல்லேல்லை. வைன் நல்லா இருந்துது எண்டு மட்டும் சொன்னன்.

மூண்டு கிழமையால ஒரு ஞாயிறு மத்தியானம், பயணக் கதை சொல்லச் சம்பந்தி வீட்டில விருந்து. கலியாணத்தை நிப்பாட்டப் போறாரோ எண்டு எனக்கு நித்திரையே இல்லை. மனிசிக்கும் மகளுக்கும் ஒண்டும் தெரியாது, பட்டுச் சீலையும் சுடிதாருமா வெளிக்கிட்டு வந்தினம். நிலக்கீழறைச் சுவரில புதுசா ஒரு பெரிய படம் சட்டம் போட்டுத் தொங்கிச்சுது. கிழவனும் கத்தியும் சம்பந்தியும். கீழ மேசையில போத்தில், கிளாஸ், நடுவில வாளி. ஸ்பெயினில இருந்து அதையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், கோதாரி!

சம்பந்தி தன்ர ஆக்களுக்கெல்லாம் மெல்லிய நீட்டுக் காம்புக் கண்ணாடிக் கிளாசில ஊத்தினார். ஊத்தி முடிய, மேசைக்குக் கீழ குனிஞ்சு, பிளாஸ்டிக் கப் மூண்டு எடுத்தார். பிள்ளையளின்ர பேத்டே பார்ட்டியில வைக்கிற சிவப்புக் கப். எனக்கொண்டு, மனிசிக்கொண்டு, மகளுக்கொண்டு. போத்திலைக் கப்பில முட்டாமல், கையை உயத்தி, மேல இருந்து ஊத்தினார். ரெண்டு துளி என்ர மணிக்கட்டில தெறிச்சுது.

மனிசி கப்பையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. அவவுக்கு விளங்கிப் போச்சுது, முகம் வெளிறிச்சுது. மகளுக்கு விளங்கேல்லை.

"அங்கிள், எங்களுக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக்?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டாள்.

"கிளாஸ் காணாது மகள், குறை நினையாதேங்கோ."

"அங்க ஒரு டசின் தொங்குதே அங்கிள்."

சம்பந்தி அவளை விட்டிட்டு என்ர பக்கம் திரும்பினார். "உமக்கு இது வசதிதானே?" எண்டார். கொடுப்புக்குள்ள ஒரு சிரிப்பு.

நான் கப்பை எடுத்தன். ஒரு வாய் நிறைய எடுத்து, அவர் பழக்கின மாதிரியே கன்னம் ரெண்டும் உப்ப அலசினன். அஞ்சு நாளும் துப்பாத நான், குனிஞ்சு, வாளிக்குள்ள துப்பினன். வாயைத் துடைச்சுப்போட்டுச் சொன்னன். "என்ர அப்பா தபால் கந்தோர் இல்லை. கள்ளுச் சீவினவர். நானும் ஏறினனான். ஸ்பெயினில நீங்கள் கையைக் கொஞ்சினியளே, அந்தத் தொழில்தான். மரம்தான் வேற. பொய் சொன்னது நான். அதுக்கு என்னை ஏசுங்கோ. ஆனா என்ர பிள்ளைக்கு மேல இருந்து ஊத்தாதேங்கோ."

 மகளைக் கட்டப் போற பெடியன் எழும்பினான். தொங்கின கிளாசுகளில மூண்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால வைச்சான். "வை அதை அங்கயே!" எண்டு சம்பந்தி கத்தினார். அவன் தகப்பனின்ர முகத்தைப் பாக்காமல் ஊத்தினான். நாங்கள் குடிக்கேல்லை, எழும்பி வந்திட்டம்.

கலியாணம் நடக்கப் போகுது, அதைச் சொல்லிப் போடுறன். அடுத்த கிழமையே பெடியன் தனிய வீட்டுக்கு வந்து, தகப்பன் வந்தாலும் வராட்டிலும் மே மாதம் மே மாதம்தான் எண்டு சொல்லிப் போட்டான். நான் பயந்தது நடக்கேல்லை. நடந்தது வேற, காருக்குள்ள.

அண்டைக்கு விருந்தால வீட்டுக்குத் திரும்பி வரேக்குள்ள மகள் பின் சீற்றில இருந்தாள். மனிசி அழுதுகொண்டு வந்தா. வெக்ஸ்போர்ட்டுக்குக் கிட்ட வர மகள் கேட்டாள், "அப்பா, அந்த அங்கிளை விடுங்கோ. அவர் டிஸ்கஸ்டிங். ஆனா அவர் யாரோ ஒரு ஸ்பெயின் தாத்தாவின்ர படத்தைச் சுவரில மாட்டி வைச்சிருக்கிறார். என்ர தாத்தாவின்ர படம்? உண்மையாவே சண்டையிலதான் எரிஞ்சதோ?"

ஓம் எண்டு சொல்ல வாய் தானாத் திறந்துது. பழகின வாயல்லோ. மூடிப்போட்டன்.

படம் இருந்தது. ஒண்டே ஒண்டு. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் எடுத்துக் குடுத்தது, அப்பா தோளில பனை ஏறுற கயிறும் இடுப்பில கத்திக் கூடும் கையில கள்ளு முட்டியுமா, பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். அதை மடிக்காமல், நனையாமல், மூண்டு நாடு தாண்டிக் கனடாவுக்குக் கொண்டு வந்தனான். இந்த வீட்டை வாங்கிக் குடிபூரலுக்கு ஆக்களைக் கூப்பிட்ட அண்டைக்கு, ஆரும் கண்டால் எண்டு, எட்டுத் துண்டாக் கிழிச்சன். ஆரும் எடுத்து ஒட்டிப் பாத்தால் எண்டு அதுக்கு மேல தேயிலைச் சக்கையைக் கொட்டினன். பிறகு பச்சைக் குப்பைத் தொட்டிக்குள்ள, அண்டைக்குக் கறிக்கு வெட்டின மீன் தலையளோட போட்டு மூடினன்.

காரை ஓரத்தில நிப்பாட்டிப்போட்டு இதை அப்பிடியே மகளுக்குச் சொன்னன். அவள் கதவைத் திறந்து இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வந்தாள்.